தமிழ்நாடு அரசின் உமிழ்வுக் குறைப்புக் கொள்கைகள்: அறிவிப்பிலிருந்து டன் கணக்கு வரை எப்படிப் பின்தொடர்வது?

#1 தளிர்

வணக்கம். பசுமை இல்ல வாயுக்களைக் குறைப்பதற்காகத் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கைகள், திட்டங்கள், ஆணைகள் எல்லாவற்றையும் ஒரே விரிதாளில் கொண்டுவரும் வேலை நடக்கிறது. இப்போதுள்ள பத்திகள்: பெயர், துறை, வெளியான தேதி, இலக்கு, இலக்கு ஆண்டு, நிலை, இணைப்பு.

'நிலை' என்ற பத்தியில்தான் சிக்கல். சட்டமன்றத்தில் அறிவித்ததும் 'நடைமுறையில்', ஆணை வந்ததும் 'நடைமுறையில்', வேலை முடிந்ததும் 'நடைமுறையில்' என்று எல்லாமே ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. அடுத்தது டன் கணக்கு. மெகாவாட்டில் ஓர் இலக்கு, ஏக்கரில் ஒன்று, மரக்கன்று எண்ணிக்கையில் இன்னொன்று. இவற்றையெல்லாம் கார்பன் டை ஆக்சைடு சமானத்துக்கு மாற்றிக் கூட்டலாமா? ஒரே குறைப்பு இரண்டு மூன்று திட்டங்களின் பெயரில் வந்தால் என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பேரேடு

'நிலை'யை ஒரே சொல்லாக வைக்காதீர்கள். படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தனித் தேதி, தனி ஆவணம் கேளுங்கள்.

படி 1, அறிவிப்பு: விதி 110-இன் கீழ் அவையில் படிக்கப்பட்டது, மானியக் கோரிக்கையின்போது அமைச்சர் சொன்னது, நிதிநிலை அறிக்கை உரையில் வந்தது.
படி 2, நிர்வாக ஒப்புதல்: அரசாணை.
படி 3, நிதி ஒப்பளிப்பு: இதுவும் அரசாணைதான். ஆனால் பல நேரங்களில் தனி ஆணையாக, மாதங்கள் கழித்து வரும்.
படி 4, ஒப்பந்தப்புள்ளியும் பணியாணையும்.
படி 5, களத்தில் அளந்த அளவு.

இவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வேண்டும்: காலாவதி, வேறொன்றால் மாற்றப்பட்டது, நீதிமன்றத் தடை. கொள்கைகளை யாரும் ரத்து செய்து ஆணை போடுவதில்லை. இலக்கு ஆண்டு கடந்துபோகும், அவ்வளவுதான். அதைப் பதிவு செய்ய ஆள் இல்லாததால்தான் பழைய இலக்கு புதுப் பெயரில் திரும்பி வரும்போது யாருக்கும் தெரிவதில்லை.

அரசாணையைப் படிக்கும்போது தலைப்பைப் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. 'படிக்கப்பட்டவை' என்று மேலே வரிசையாக வரும் பழைய ஆணைகளையும் கடிதங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் வரலாறு முழுக்க அங்கே இருக்கிறது. அடுத்து கடைசிப் பத்திகளுக்குப் போங்கள். செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைக்க வேண்டும் என்ற வரியும், நிதித்துறையின் இசைவு எந்த அ.சா. (அலுவல் சார்பற்ற குறிப்பு) எண்ணில், எந்தத் தேதியில் பெறப்பட்டது என்ற வரியும் இருக்கின்றனவா பாருங்கள். இரண்டும் இல்லாமல் 'கொள்கை அளவில் ஏற்கப்படுகிறது' என்று மட்டும் இருந்தால் அது படி 2. அதற்கு மேல் ஒரு படிகூட ஏற்றாதீர்கள்.

#3 காற்றுவெளி

பேரேடு ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். மின்சாரத்தைப் பொறுத்தவரை அரசாணையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். துறை வெளியிடும் கொள்கை விருப்பத்தைச் சொல்லும். விலை, வலையமைப்புக் கட்டணம், மின் சேமிப்புக் கணக்கு, எந்த நுகர்வோருக்கு எந்த வகை அளவி (மீட்டர்) என்பதையெல்லாம் முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒழுங்குமுறைகளும் ஆணைகளும். கொள்கை ஒன்று சொல்லி, ஆணையத்தின் ஆணை வேறு சொன்னால் களத்தில் செல்லுபடியாவது ஆணையத்தின் ஆணைதான். அதனால் ஒவ்வொரு எரிசக்திக் கொள்கைக்கும் கீழே 'இதை அமல்படுத்தும் ஆணையத்தின் ஆணை எண்' என்று ஒரு கட்டம் வைங்க. அது காலியா இருந்தா அந்தக் கொள்கை இன்னும் தாளில்தான் இருக்கு.

காலாவதிக்கு நல்ல உதாரணம் சூரிய மின்சக்திக் கொள்கைகள். 2012-ல் வந்தது 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது. 2019-ல் வந்தது 2023-க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 விழுக்காடு, அதாவது 3,600 மெகாவாட், நுகர்வோர் தரப்பில் என்றது. 2023 முடிந்தபோது மொத்தமே 9,000-ஐ எட்டவில்லை. நுகர்வோர் தரப்பு 3,600-க்கு எட்டாத தூரத்தில் நின்றது. அதன்பின் பெரிய நிலையங்கள் வந்து மொத்த எண் ஏறிக்கொண்டே போவதால், மொத்தத்தை மட்டும் எழுதி வைத்தால் 'கொஞ்சம் தாமதம், ஆனால் நடந்துவிட்டது' என்று தோன்றும். கூரை இலக்கு தவறியது மறைந்துபோகும். உள் இலக்குக்குத் தனி வரி போடுங்க.

இன்னொரு பொறி. சூரியத் தகடு நேர்மின்னோட்டத்தில் அளக்கப்படுது, மாற்றி (இன்வெர்ட்டர்) மாறுமின்னோட்டத்தில். ஒரு மெகாவாட் மாற்றிக்கு 1.2 முதல் 1.4 மெகாவாட் வரை தகடு வைப்பது வழக்கம். எந்த மெகாவாட் என்று குறிக்காத எண்ணை வேறொரு மூலத்தின் எண்ணோடு ஒப்பிடாதீங்க.

#4 தளிர்

மிக்க நன்றி. பிரிக்க ஆரம்பித்தாயிற்று. காற்றுவெளி அண்ணா, மெகாவாட்டை டன்னாக்க ஓர் எளிய வழி சொல்ல முடியுமா? சில அறிக்கைகளில் தமிழ்நாட்டுக்கென்று தனி உமிழ்வுக் காரணி (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது) போடுகிறார்கள், சிலவற்றில் இந்தியா முழுமைக்குமான காரணி.

#5 காற்றுவெளி

மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் கார்பன் டை ஆக்சைடு தரவுத்தளம் வெளியிடுது. அண்மை ஆண்டுகளில் சராசரி ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோ. 2013 டிசம்பர் 31 அன்று தென் மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்த பிறகு இந்தியா முழுக்க ஒரே தொகுப்பு, அதனால் ஒரே காரணி. மாநிலத்துக்குத் தனிக் காரணி அதில் கிடையாது. யாராவது போட்டிருந்தால் அவங்களே கணக்கிட்டது. எப்படி என்று கேளுங்க. மாநிலத்துக்குள் உற்பத்தியானதை வகுத்தாங்களா, வெளியிலிருந்து வாங்கியதையும் சேர்த்தாங்களா என்பதைப் பொறுத்து விடை வெகுவாக மாறும்.

கணக்கு இதுதான். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,500 யூனிட். ஒரு மெகாவாட் என்றால் 15 லட்சம் யூனிட். 0.72-ஆல் பெருக்கினால் 1,080 டன்.

இது சராசரிக் காரணி. 'இந்தத் திட்டத்தால் எவ்வளவு குறைந்தது' என்ற கேள்விக்குச் சரியானது இணைந்த விளிம்புக் காரணி. அதையும் அதே தரவுத்தளத்தில் தர்றாங்க. இப்போது ஓடும் நிலையங்களில் எது குறையும், அடுத்து கட்டவிருந்த நிலையங்களில் எது தவிரும் என்ற இரண்டையும் எடையிட்டுக் கூட்டுவது அது. சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் 75:25 எடை. எதை எடுத்தாலும் சரி, தாள் முழுக்க ஒன்றையே வைங்க. எந்த ஆண்டுப் பதிப்பு என்பதைக் கட்டத்திலேயே எழுதுங்க.

காற்றாலையில் நிறுவுதிறனை வைத்துப் பெருக்குவது ரொம்பத் தவறு. மே முதல் செப்டம்பர் வரைதான் இங்கே காற்றுப் பருவம். மழையும் சேர்ந்து தேவை குறைந்த நாட்களில் ஆலையை நிறுத்தச் சொல்றாங்க. நிறுவிய மெகாவாட் அப்படியே இருக்கும், யூனிட் இருக்காது. மாதவாரி உற்பத்தி யூனிட்டைத்தான் எடுக்கணும்.

#6 உப்பளம்

எல்லாம் சரி. ஆனால் தாளில் குறைப்பவை மட்டும் இருக்கின்றனவே. கூட்டுபவை எங்கே?

வடசென்னை மூன்றாம் நிலை அனல் மின் நிலையம், 800 மெகாவாட், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. திறனில் 60 விழுக்காடு ஓடினால் ஆண்டுக்கு 420 கோடி யூனிட். யூனிட்டுக்கு 0.9 கிலோ என்றால் ஏறத்தாழ 38 லட்சம் டன். மேலே சொன்ன 1,080-ஆல் வகுத்துப் பாருங்கள்: 3,500 மெகாவாட் சூரிய மின்சக்தி. 2019 கொள்கையின் நுகர்வோர் பங்கு முழுதும் நிறைவேறியிருந்தாலும் இந்த ஒரே நிலையத்துக்கு ஈடாகத்தான் இருந்திருக்கும். எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 2×660, உடன்குடியில் 2×660 வேறு இருக்கின்றன. இவையும் அரசின் முடிவுகள்தானே? அரசாணை எண்ணும் கணக்குத் தலைப்பும் இவற்றுக்கும் உண்டு. கூட்டல் குறியோடு அதே தாளில் வரட்டும்.

#7 காற்றுவெளி

> கூட்டல் குறியோடு அதே தாளில் வரட்டும்.

வரணும், முழுச் சம்மதம். ஆனால் 38 லட்சமும் புதுக் கூடுதல் என்று எழுத முடியாது. தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் இருக்கும் 210 மெகாவாட் பழைய அலகுகளைவிட இது யூனிட்டுக்குக் குறைவான நிலக்கரி எரிக்கும். அந்த அலகுகள் அந்த அளவுக்குக் குறைத்து ஓடினால் நிகரக் கூடுதல் சிறிதாகும்.

#8 உப்பளம்

அப்படியானால் பழைய அலகை மூடும் ஆணை, மூடும் தேதியோடு, இன்னொரு வரியாக இருக்க வேண்டும். அது வரும்வரை இடப்பெயர்ப்பு என்ற தள்ளுபடியைக் கொடுக்கக் கூடாது. புதியது வந்தும் வடசென்னையின் பழைய அலகுகள் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டின் சாம்பலும் எண்ணூரில் அதே கொற்றலையாற்றுக் கழிமுகத்தில்தான் சேர்கிறது. மக்களுக்கு அது 'நிகரம்' அல்ல.

#9 பேரேடு

உப்பளம் சொல்லும் விதி சரியானது. எல்லாத் திட்டத்துக்கும் அதையே பொதுவாக்கலாம்: தள்ளுபடி கோருபவர் ஆவணம் காட்டட்டும்.

எல்லைச் சிக்கல் ஒன்றும் இங்கே வரும். நெய்வேலி மாநிலத்துக்குள் இருக்கிறது, நிறுவனம் மத்திய அரசுடையது, மின்சாரத்தில் ஒரு பங்கு மற்ற மாநிலங்களுக்குப் போகிறது. மாநில எல்லைக்குள் எரிந்ததை எண்ணும் கணக்கில் நெய்வேலி முழுதும் வரும். மாநிலம் நுகர்ந்ததை எண்ணும் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு மட்டும் வரும். இரண்டு கணக்கும் செல்லும், ஆனால் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. கொள்கைத் தாளுக்கு நுகர்வுக் கணக்கே பொருத்தம், ஏனென்றால் நெய்வேலி உலையை மூடும் அதிகாரம் மாநிலத்திடம் இல்லை. எதை வாங்குவது என்பதில் ஓரளவு இருக்கிறது.

இப்போது நிதிக்கு வருகிறேன். மானியக் கோரிக்கைப் புத்தகங்களில் எரிசக்தித் துறை கோரிக்கை எண் 14, சுற்றுச்சூழல் 15. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே நான்கு எண்கள் இருக்கும்: முந்தைய ஆண்டின் முடிந்த கணக்கு, நடப்பு ஆண்டின் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. செய்தியில் வருவது கடைசி எண் மட்டும். உங்களுக்கு வேண்டியது முதல் எண். ஓர் ஆண்டின் உண்மைச் செலவு தெரிய இரண்டு ஆண்டு கழித்து வரும் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அதனால் ஒரு திட்டத்துக்கு மூன்று ஆண்டுப் புத்தகங்களையும் சேர்த்து வைத்துத்தான் ஒரு வரி எழுத முடியும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. தொகைகள் ஆயிரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். எதிரே வெறும் '1' என்றிருந்தால் அது ஆயிரம் ரூபாய், தலைப்பை உயிரோடு வைத்திருக்கும் அடையாள ஒதுக்கீடு. படி 3 என்று குறிக்காதீர்கள். இரண்டாவது, தமிழ்நாடு பசுமை காலநிலை நிறுவனம் போன்ற நிறுவனங்களுக்குப் பணம் மாற்றப்பட்டதுமே கருவூலக் கணக்கில் அது செலவு. நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் அது அப்படியே இருக்கலாம். அடுத்த கட்டச் செலவை அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கிலும்தான் பார்க்க முடியும். 'கணக்கு' என்று ஒரே பத்தி வைக்காமல், 'அரசு விடுவித்தது', 'நிறுவனம் செலவிட்டது' என்று இரண்டாகப் பிரியுங்கள்.

#10 நஞ்சை

மின்சாரத்திலேயே பேச்சு சுற்றுது. மீத்தேனுக்கும் ஓர் இடம் கொடுங்க.

முதலில் பெருக்கு எண். மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடு சமானமாக்க 21, 25, 28 என்று மூன்று எண்கள் புழங்குது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் (ஐ.பி.சி.சி.) இரண்டாம், நான்காம், ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கைகளின் நூறாண்டு மதிப்புகள் அவை. இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த மூன்றாவது ஈராண்டு அறிக்கை வரைக்கும் 21-தான். பாரீஸ் ஒப்பந்தத்தின் வெளிப்படைத்தன்மை விதிகள் 28 கேட்குது. ஒரு லட்சம் டன் மீத்தேன் ஒரு அறிக்கையில் 21 லட்சம், இன்னொன்றில் 28 லட்சம். வயலில் எதுவுமே மாறாமல் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கும். அதனால் மீத்தேனை டன் மீத்தேனாகவே ஒரு பத்தியில் வைங்க, சமானத்தைப் பக்கத்தில் சூத்திரமா வைங்க.

நெல்லுக்கு வருவோம். தொடர்ந்து தண்ணி நிற்கும் வயலின் மீத்தேனை 1 என்று வைத்தால், பருவத்தில் ஒருமுறை வடித்தால் 0.71, பலமுறை வடித்தால் 0.55. இது அதே குழுவின் 2019 திருத்த வழிகாட்டியின் எண். 2006 பதிப்பில் 0.60, 0.52. அதனால் பதிப்பைச் சொல்லாத குறைப்பை நம்பாதீங்க. வடித்துக் காயவிடும்போது நைட்ரஸ் ஆக்சைடு ஏறும்: போட்ட தழைச்சத்தில் 0.003 பங்கு என்றிருந்தது 0.005 ஆகும். அதையும் கழிக்கணும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்குது. திருந்திய நெல் சாகுபடிப் பரப்பை எடுத்து, அத்தனை ஏக்கரும் காய்ச்சலும் பாய்ச்சலும் (வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது) என்று எண்ணி 0.55-ஆல் பெருக்கிடறாங்க. அந்தப் பரப்புக் கணக்கு நாற்றின் வயசையும் நடவு இடைவெளியையும் பார்த்து எழுதப்படுது. தண்ணி வடிஞ்சதா என்பதற்கு அதில் சாட்சி இல்லை. வயலில் துளையிட்ட குழாய் புதைச்சு, மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சினால்தான் அது காய்ச்சல். குறுவையில் முடியும். டெல்டாவில் சம்பா, தாளடிக்கு ஐப்பசி கார்த்திகை மழையில் வயலை எப்படிக் காயவிடுவது? அந்தப் பருவப் பரப்பைச் சேர்த்திருந்தால் அந்த எண்ணையே ஒதுக்கிடுங்க. மறுபக்கம், வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணி விடும் ஆண்டுகளில் வயல் தானாகவே காயும். அந்தக் குறைப்பு திட்டத்தால் வந்ததில்லை.

#11 கொற்றலை

நஞ்சை சொன்ன மாதிரிதான் குப்பைமேட்டிலும். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற இடங்களில் பழைய குப்பையை அகழ்ந்து பிரிப்பதைப் பெரிய மீத்தேன் குறைப்பாகக் காட்டுவது உண்டு. நிலம் மீட்க, தீ தடுக்க, கழிவுநீர் கசிவை நிறுத்த அது அவசியம். ஆனால் மீத்தேன் கணக்கில் அந்த அளவு வராது. ஈரமான வெப்ப மண்டலத்தில் கலப்புக் குப்பையின் சிதைவு வேகம் ஆண்டுக்கு 0.17, அதாவது பாதி சிதைய நான்கு ஆண்டுதான். 12 ஆண்டுப் பழைய குப்பையில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். மற்றது எல்லாம் ஏற்கெனவே காற்றில் போய்விட்டது.

மீத்தேன் குறைவது இன்றைக்கு வரும் ஈரக்குப்பையை மேட்டுக்கே அனுப்பாமல் இருந்தால்தான். எனவே 'அகழ்ந்த கனமீட்டர்' என்ற பத்தியை டன் கணக்கோடு இணைக்காதீர்கள். 'மேட்டுக்குப் போகாத ஈரக்குப்பை, நாளொன்றுக்கு டன்' என்பதை இணையுங்கள். அதையும் எடைமேடைச் சீட்டில் பார்க்க வேண்டும். உரமாக்கும் கூடத்தின் 'திறன்' என்று சுவரில் எழுதியிருப்பது எடை அல்ல.

#12 டெப்போ

போக்குவரத்துக்கு ஒரு சங்கடமான கணக்கு. ஸ்கூட்டரில் மின்சாரம் தெளிவாக வெல்கிறது. 100 கி.மீ.க்கு 3 யூனிட், 0.72-ஆல் பெருக்கினால் 2.2 கிலோ, கம்பி இழப்பும் மின்னேற்ற இழப்பும் சேர்த்து 2.6 என்று வைப்போம். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. என்றால் 2.2 லிட்டர், லிட்டருக்கு 2.3 கிலோ, ஆக 5.1 கிலோ. பாதி.

பேருந்தில் அப்படி இல்லை. குளிரூட்டி இல்லாத டீசல் பேருந்து லிட்டருக்கு 4.5 கி.மீ., லிட்டருக்கு 2.7 கிலோ என்றால் கிலோமீட்டருக்கு 0.60 கிலோ. மின் பேருந்து கிலோமீட்டருக்கு 1.1 யூனிட் என்றால் 0.79 கிலோ. இன்றைய சராசரிக் காரணியில் கூடுதலாகத்தான் வருகிறது. யூனிட்டுக்கு 0.55-க்குக் கீழே இறங்கும்போதுதான் சமமாகும். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின் பேருந்துகள் தொடங்கிவைக்கப்பட்டன. அந்த வரிக்கு எதிரே 'ஆண்டுக்கு இத்தனை டன் குறைப்பு' என்று எழுதும்முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

#13 காற்றுவெளி

கணக்கு சரி, முடிவு பாதிதான். பேருந்து பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும், தொகுப்போ ஆண்டுக்கு ஆண்டு மாறும். முதல் ஆண்டுக் காரணியை ஆயுள் முழுக்க நீட்டக் கூடாது. அதோடு டீசலுக்கு எரிப்பதை மட்டும் எடுத்திருக்கீங்க. கச்சா எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது எல்லாம் சேர்த்தால் 0.60 கூடும். அதுக்கு ஈடாக நிலக்கரிக்கும் சுரங்கம், ரயில் எல்லாம் சேர்க்கணும், அதையும் மறக்க வேண்டாம். பணிமனையில் மின்னேற்றும் நேரத்தையும் ஒரு கட்டத்தில் குறிங்க. பகல் 11 முதல் 3 வரை ஏற்றும் யூனிட்டும் இரவு 10-க்கு ஏற்றும் யூனிட்டும் ஒன்றல்ல.

#14 டெப்போ

ஏற்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஸ்கூட்டரில் தனியாகப் போகிறவர் கிலோமீட்டருக்கு 51 கிராம். நாற்பது பேர் ஏறிய டீசல் பேருந்தில் ஆளுக்கு 15 கிராம், மின் பேருந்தில் 20 கிராம். எஞ்சினை மாற்றுவதில் வரும் வித்தியாசத்தைவிட, ஆளை ஸ்கூட்டரிலிருந்து பேருந்துக்கு மாற்றுவதில் வருவது பல மடங்கு. அப்படிப் பார்த்தால் 2021 மே மாதம் வந்த, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் என்ற ஆணை உங்கள் தாளில் இருக்க வேண்டும். காலநிலைத் துறை போட்ட ஆணை இல்லை என்பதற்காக அதை விடக் கூடாது. டன் எழுத மட்டும் அவசரப்படாதீர்கள். இலவசச் சீட்டு எண்ணிக்கை குறைப்பு அல்ல. முன்பு நடந்தவர், முன்பும் பேருந்திலேயே வந்தவர் இருவரையும் கழித்து, இருசக்கர வாகனத்தையும் ஷேர் ஆட்டோவையும் விட்டு வந்தவர்களை மட்டும் எண்ண வேண்டும். அதற்குப் பயணிகள் கணக்கெடுப்பு வேண்டும்.

#15 தளிர்

இதில் பாதி யோசிக்கவே இல்லை. இப்போது இரட்டை எண்ணிக்கை. ஒரு வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் தகடு. மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியம், மாநிலச் சூரியக் கொள்கையின் இலக்கில் ஓர் எண், மின் பகிர்மானக் கழகத்தின் புதுப்பிக்கத்தக்க நுகர்வுக் கடமையில் (நுகர்வில் இத்தனை பங்கு புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற கட்டாயம்) இன்னோர் எண். மூன்று வரியிலும் அதே 4,500 யூனிட்.

#16 பேரேடு

மூன்று வரியிலும் எழுதுங்கள், ஒரு வரியில்கூட டன்னைக் கூட்டாதீர்கள். டன் பத்தியைக் கொள்கைத் தாளிலிருந்து வெட்டி, 'அளவுத் தாள்' என்று தனியாக வையுங்கள். அதில் வரி கொள்கை அல்ல, பொருள்: கூரைச் சூரிய யூனிட், தரைச் சூரிய யூனிட், காற்று யூனிட், டீசல் விற்பனை, மேட்டுக்குப் போன ஈரக்குப்பை. ஒவ்வொரு பொருளும் ஒரே முறைதான் வரும். கொள்கைத் தாளில் 'எந்தப் பொருளை அசைக்கிறது' என்ற குறியீடு மட்டும் இருக்கட்டும். 4,500 யூனிட்டை மூன்று கொள்கைகள் பங்கு கேட்கின்றன என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். எது இல்லாவிட்டால் அது வந்திருக்காது என்பது தனி ஆய்வு. அதை விரிதாளில் தீர்க்க முடியாது.

கடமை விழுக்காட்டைப் பற்றி: மத்திய அறிவிக்கையின்படி 2024-25-க்கு 29.91, படிப்படியாக ஏறி 2029-30-ல் 43.33. இது நுகர்வில் பங்கு. மின்சாரத்துக்குப் பதில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ் வாங்கியும் நிறைவேற்றலாம். 'கடமை நிறைவு' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை சான்றிதழ் என்று பிரித்துக் கேளுங்கள்.

மூலங்களின் காலமும் ஒன்றல்ல. மின்சார ஆணையத்தின் எண் ஏப்ரல்-மார்ச். வாகனப் பதிவுத் தளம் நாட்காட்டி ஆண்டைத்தான் முதலில் காட்டும். தேதியை மாதமாகப் பதிந்தால் பிறகு எப்படியும் கூட்டிக்கொள்ளலாம்.

#17 நஞ்சை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பது பற்றியும் சொல்லிடறேன். 'இத்திட்டத்தால் உமிழ்வு எவ்வளவு குறைந்தது?' என்று கேட்டால் 'அத்தகைய விவரம் தொகுக்கப்படவில்லை' என்று ஒரே வரியில் பதில் வரும், அதில் தப்பும் இல்லை. தொகுத்துத் தரச் சட்டம் சொல்லவில்லை. இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேளுங்க: இன்ன எண் அரசாணையின் கீழ் விடுவித்த தொகைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ், கடைசி ஆய்வுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, பணி முடிவுச் சான்று. ஒரு மனுவில் ஒரே திட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்த இரண்டு தேதியையும் தாளிலேயே போட்டு வைங்க, மறந்தால் உரிமை போயிடும்.

#18 கொற்றலை

கோப்புகளைச் சேமிப்பதில் இரண்டு எச்சரிக்கை. இணைப்பை மட்டும் வைக்காதீர்கள், துறைத் தளங்கள் மாறும்போது முகவரி செத்துவிடும். கோப்பையே இறக்கி, துறை-ஆண்டு-எண்-தேதி என்று பெயரிடுங்கள். பழைய ஆணைகள் பல வானவில் போன்ற ஒருங்குறி அல்லாத எழுத்துருவில் இருக்கின்றன. 2010-லேயே ஒருங்குறியை அரசு தரமாக அறிவித்தும் பழையவை அப்படியே கிடக்கின்றன. அவற்றில் 'சூரிய' என்று தேடினால் எதுவும் வராது. 'ஆவணத்தில் இல்லை' என்று முடிவுகட்டும்முன் கண்ணால் படியுங்கள்.

தமிழ் அரசாணையில் திருவள்ளுவர் ஆண்டும் இருக்கும், அதாவது வழக்கமான ஆண்டோடு 31. ஆண்டு தை முதல் நாள் மாறுவதால் ஜனவரி முதல் பாதியில் வந்த ஆணைக்கு 31 கூட்டினால் தவறும். தேதிப் பத்திக்கு எப்போதும் நாள்-மாதத்தோடு அச்சான ஆங்கில ஆண்டையே எடுங்கள்.

#19 தளிர்

புதிய அமைப்பில் ஒரு வரி நிரப்பிப் பார்த்தாயிற்று. தவறு இருந்தால் திருத்துங்கள்.

திட்டம்: பசுமைத் தமிழ்நாடு இயக்கம், 2022 செப்டம்பர் தொடக்கம்.
இலக்கு: காடு, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக்குவது.
பொருள்: காடு மற்றும் மரப் பரப்பு, சதுர கி.மீ.
இடைவெளி: மாநிலப் பரப்பு 1,30,060. அதில் 33 விழுக்காடு 42,920. தொடக்கத்தில் 30,843. தேவை ஏறத்தாழ 12,077 சதுர கி.மீ.
நடப்பு: நட்ட கன்றுகளின் எண்ணிக்கை.

#20 பேரேடு

இடைவெளிக் கணக்கு சரி. 'நடப்பு'க் கட்டம் தவறு. கன்று என்பது இடுபொருள், உங்கள் பொருளோ சதுர கிலோமீட்டர். இந்திய வன அளவீட்டு நிறுவனம் ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில் விதானம் (மேலிருந்து தெரியும் மர இலைப் போர்வை) 10 விழுக்காடாவது இருந்தால்தான் அதைக் காட்டுப் பரப்பு என்கிறது. நிலம் யாருடையது, தோப்பா இயற்கைக் காடா என்று பார்ப்பதில்லை. இந்த ஆண்டு நட்ட கன்று செயற்கைக்கோள் படத்தில் விதானமாகத் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். செத்த கன்று தெரியவே தெரியாது.

அந்தக் கட்டத்தை இரண்டாக்குங்கள். 'நட்டது, மூன்றாம் ஆண்டில் உயிரோடு எண்ணியது' என்று ஒன்று, வனத்துறையிடம் பிழைப்பு விகிதக் கணக்கெடுப்பு நகல் கேட்டு நிரப்ப வேண்டியது. 'அளந்த பரப்பு' என்று இன்னொன்று. காட்டுப் பரப்பு 2021 அறிக்கையில் 26,419 சதுர கி.மீ., 2023 அறிக்கையில் 26,450. இரண்டாவதன் படங்கள் இயக்கம் தொடங்கிய காலத்தை ஒட்டியவை, ஆகவே அந்த 31 சதுர கி.மீ.யை இயக்கத்தின் பெயரில் எழுதாதீர்கள். அடுத்த அறிக்கை வரும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். பூஜ்யம் போட்டால் கூட்டுத்தொகையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

#21 தளிர்

திருத்தியாயிற்று. நாளை முதல் எரிசக்தித் துறை வரிகள்.